பக்கத்தில்தான் காட்டுகிறது

போன ஆண்டு என் கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் முதலில் கேட்டது ஃபோனை, அடுத்ததாகத்தான் என்னை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிழைத்து எழுந்தால் திருவண்ணாமலை வந்து மலையைச் சுற்றுவதாக வேண்டிக்கொண்டார். சிங்கப்பூரிலிருந்து நாங்கள் கிளம்பி வந்தது அந்த வேண்டுதலுக்காக.

நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெதுவாக, வெயில் ஏறுவதற்குள், மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு. கையில் என்றால் என் கையில் என்று அர்த்தம். நாக்குக்கு அடியில் வைக்கிற அந்தச் சின்ன மாத்திரைகள் என் பர்ஸில் இருந்தன. மற்ற எல்லாம், அதாவது விடுதியின் பெயர், பேருந்து நேரம், எந்தக் கடையில் சாப்பிடலாம் என்கிற தீர்ப்பு, மழை வருமா வராதா என்கிற ஜோசியம், எல்லாம் அவர் ஃபோனில் இருந்தன.

பேருந்து நிலையத்தில் இறங்கியதும் பாஷா என்பவரின் ஆட்டோவில் ஏறினோம். தாத்தா காலத்திலிருந்து இதே ஊர்தான் என்றார். அப்படியானால் விடுதியின் பெயரைச் சொன்னால் போதும் என்று நினைத்தேன். பெயரைக் கேட்டுவிட்டு அவர், "லொக்கேஷன் போடுங்க சார்" என்றார்.

"உங்களுக்கு வழி தெரியாதா?" என்று நான் கேட்டேன்.

"தெரியும் மா. ஆனா மேப்ல காட்ற ரோட்ட உட்டு வேற ரோட்ல போனா, சுத்தி இட்டுனு போறான்னு கஸ்டமர் சண்டைக்கு வராங்க. அதனால நான் எங்க வூட்டுக்குப் போறதுன்னாகூட மேப் போட்டுட்டுத்தான் போறேன். இப்ப அது பேசலன்னா எனக்கே ஒரு மாதிரி பயமா கீது."

என் கணவருக்கு இந்தப் பதில் மிகவும் பிடித்துப்போயிற்று. "பாத்தியா, நாணயமான மனுஷன்" என்றார்.

நாணயமான மனுஷன் மேப் சொன்னபடி எங்களை வேங்கிக்காலுக்குக் கொண்டுபோய், கலெக்டர் ஆபீசைத் தாண்டி, புது வீடுகளுக்கு நடுவே ஒரு சந்தில் நுழைந்து, ஒரு மதில் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டதாக ஃபோன் அறிவித்தது. மூன்று பேரும் சுவரைப் பார்த்தோம். "செங்கம் ரோடுன்னு போட்டிருக்கே" என்று என் கணவர் முணுமுணுத்தார். "எனக்கு அப்பவே தோணுச்சு சார், எதுக்கு இந்தப் பக்கம் போவுதுன்னு" என்றார் பாஷா.

எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, "லாட்ஜா? அது இங்க இல்ல. தெனம் யாராவது வந்து இந்தச் செவுத்தப் பாத்துட்டுத்தான் போறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை உதறினார்.

விடுதி ஆசிரமப் பக்கம் இருந்தது. 'நான் யார்' என்று கேட்டுக்கொள்வதற்காக உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து வாடகைக்கு அறை எடுத்துத் தங்குகிற பகுதி. சாயந்திரம் ஒரு கஃபேக்குப் போனோம். அவகாடோவும் கொண்டைக்கடலை மசியலும் கிடைத்தன, தோசை கிடைக்கவில்லை. பக்கத்து மேசையில் வெள்ளைக் குர்தா போட்ட ஒரு ஐரோப்பியப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். மௌன விரதம் என்று நெஞ்சில் அட்டை குத்தியிருந்தார். பணியாளர் வந்ததும் ஃபோனை எடுத்து எதையோ தட்டினார். ஃபோன் கணீரென்ற ஆண் குரலில் ஆங்கிலத்தில் பேசியது: "இன்னொரு எலுமிச்சை ஜூஸ். சர்க்கரை கம்மியாக. முன்னால் கொண்டுவந்ததில் புளிப்பே இல்லை." சிறிது நேரம் கழித்து மின்விசிறி வேகத்தைப் பற்றியும் அந்த ஆண் குரல் புகார் சொன்னது. வாய் திறந்து பேசிய நான்கூட அன்றைக்கு அவ்வளவு பேசவில்லை.

என் கணவர் ஊருக்கு மரியாதை செய்வதாக நினைத்து, 'நான் யார்' என்று தன் ஃபோனிடம் கேட்டார். உங்களைப் பற்றிய விவரம் என்னிடம் இல்லை, கணக்கில் உள்ளே நுழைந்தால் உதவ முடியும் என்று அது சொன்னது. அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. தோசை கிடைக்காத வருத்தம் கொஞ்சம் குறைந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாததுமாக மலை சுற்றக் கிளம்பினோம். பௌர்ணமி இல்லை என்பதால் பாதை காலியாக இருக்கும் என்று ஃபோன் உறுதி கொடுத்திருந்தது. ஆந்திராவிலிருந்து வந்த பேருந்துகளுக்கு அது தெரியவில்லை. குடும்பம் குடும்பமாக இறங்கி, வெறுங்காலோடு, தெலுங்கில் பேசியபடி பாதை முழுக்க நடந்துகொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் போன ஒரு பெண் தன் கணவரிடம், "மலையைப் பார்த்து நட, மலையைப் படம் எடுத்துக்கொண்டு நடக்காதே, கல்லில் இடித்துக்கொள்வாய்" என்று தெலுங்கில் சொன்னாள். கல்யாணமாகி வேலூரில் இருந்த வருஷங்களில் எனக்குக் கொஞ்சம் தெலுங்கு பிடிபட்டிருந்தது. அதை என் கணவருக்குச் சொல்லத் திரும்பினேன். அவர் காதில் இயர்போன் இருந்தது. ஒவ்வொரு லிங்கத்துக்கும் முன்னால் நின்று அதன் வரலாற்றை ஃபோனிடம் கேட்டுக்கொண்டு வந்தார். உள்ளே போய்க் கும்பிட மறந்துவிட்டார்.

சிங்கப்பூர் ரயிலில் எல்லோரும் ஃபோனைக் குனிந்து பார்த்துக்கொண்டு போவார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இங்கேயும் எல்லோரும் குனிந்துதான் பார்க்கிறார்கள். ஆனால் நடுவில் நிமிர்ந்து, "எந்த ஊரு நீங்க?" என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் குனிகிறார்கள். பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

வழியில் ஒரு வண்டியில் சுக்குக் காப்பி குடித்தோம். புடவைக்குப் பாக்கெட் கிடையாது. பர்ஸில் மாத்திரையும் சில்லறையும் போக இடமில்லை. என் ஃபோனை அவர் முதுகுப் பையின் பக்கவாட்டு அறையில் செருகினேன். "ஃபோன உங்க பையில வச்சிருக்கேன்" என்று சொன்னேன். "ம்" என்றார். முப்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய "ம்" என்பதால் அதைப் பதில் என்றே எடுத்துக்கொண்டேன்.

அடி அண்ணாமலை கோயிலுக்குள் விளக்கு வைக்க நான் மட்டும் போனேன். வாசலில் நிற்பதாக அவர் சொன்னார். உள்ளே கொஞ்சம் கூட்டம். வெளியே வந்து பார்த்தால் வாசலில் அவர் இல்லை.

பக்கத்து இளநீர்க் கடையில் இல்லை. எதிர்ப்பக்க நிழலில் இல்லை. திரும்பக் கோயிலுக்குள் போய்ப் பார்த்தேன். அங்கும் இல்லை. அப்போதுதான் என் கை தானாக இடுப்பைத் தடவி ஃபோனைத் தேடியது. அது எங்கே இருக்கிறது என்று நினைவு வந்ததும், மாத்திரை எங்கே இருக்கிறது என்பதும் சேர்ந்தே நினைவு வந்தது.

கோயில் வாசலில் விளக்கும் கற்பூரமும் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் நான் போவதையும் வருவதையும் பார்த்துவிட்டு, "இன்னாமா, ஆள தொலைச்சுட்டியா?" என்றார். அவர் பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்துகொண்டேன். விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கா இந்த ஓட்டம் ஓடற? இந்தா, ஃபோன் போடு" என்று இடுப்பிலிருந்து ஒரு சின்ன பட்டன் ஃபோனை எடுத்துக் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டேன். பட்டன்களைப் பார்த்தேன். அப்படியே நின்றேன்.

"போடு மா. காசு ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"நம்பர் தெரியல."

"யார் நம்பரு?"

"என் வீட்டுக்காரர் நம்பர்."

அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "எனக்கும்தான் தெரியாது. ஒண்ண அமுக்குனா மவன், ரெண்ட அமுக்குனா மவ. அதுக்கு மேல யார்னா செத்தாகூட அவங்களா வந்து சொன்னாதான் உண்டு" என்றார். அவர் சமாதானமாகத்தான் சொன்னார். 'செத்தா' என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் பர்ஸைத் திறந்து மாத்திரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எந்த லாட்ஜ் என்று கேட்டார் ஒருவர். பெயரில் 'அருணா' என்று வரும் என்றேன். இந்த ஊரில் அருணா வராத லாட்ஜ் எது என்று அவரே பதிலும் சொன்னார். லொக்கேஷன் ஷேர் பண்ணச் சொல்லுங்க என்றார் இன்னொருவர். யாரிடம் சொல்வது? சென்னையிலிருந்து வந்த ஒரு கண்ணாடிக்காரர் தன் ஃபோனை நீட்டி, என் கணக்கில் நுழைந்து பார்க்கச் சொன்னார். கடவுச்சொல்லைக்கூட எப்படியோ யோசித்துப் போட்டேன். சரிபார்க்கும் எண்ணை என் ஃபோனுக்கு அனுப்பியிருப்பதாக வந்தது. என் கணவரின் முதுகில் அது 'டிங்' என்று ஒலித்திருக்கும்.

அஞ்சலை போட்டுக் கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து, என் தலைக்குள் என்னதான் இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். மெல்பர்னில் இருக்கும் மகளின் எண் இல்லை. கணவரின் எண் இல்லை. என் எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் இருந்தன. முந்தின ராத்திரி ஃபோனில் பார்த்த ஒரு நடிகையின் கல்யாணப் புடவை இருந்தது. ஜரிகை வேலைப்பாடு உள்பட, அப்படியே. ஒரு மனுஷியின் மூளையில் எதை வைக்க வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று யாரோ என்னைக் கேட்காமலே முடிவு செய்திருந்தார்கள்.

அப்போதுதான் அந்த ஒரு எண் வந்தது. தலையிலிருந்து வரவில்லை, கட்டை விரலிலிருந்து வந்தது.

என் கணவரின் தங்கை வசந்தா வேலூரில் இருக்கிறாள். நாங்கள் சிங்கப்பூர் போன புதிதில் என் மாமியார் அவளோடுதான் இருந்தார். ஞாயிறுதோறும் ஃபோன் அட்டை வாங்கி, பொதுத் தொலைபேசியில் அவள் எண்ணை அமுக்குவேன். வருஷக்கணக்காக அமுக்கிய எண். அவள் அதை மாற்றவே இல்லை. ஆனால் அவளோடு நான் பேசிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. என் அம்மா இறந்தபோது அவள் ஃபோன் செய்யவில்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு படம் போட்டாள். குத்துவிளக்கு, ரோஜாப்பூ, 'ஆழ்ந்த இரங்கல்' என்று மினுக்கும் எழுத்து. அவள் கல்யாணத்துக்கு நகை எடுக்கக் கூடப் போனவள் நான். அவள் பிரசவத்துக்குப் பத்தியச் சாப்பாடு சமைத்துப் போட்டது என் அம்மா. நான் அந்தக் குழுவிலிருந்து வெளியேறினேன். அதற்கப்புறம் அவள் பக்கமே திரும்பவில்லை. இவர் மட்டும் வாரம் ஒரு தடவை மொட்டை மாடிக்குப் போய் அவளோடு பேசுவார். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனதாகச் சொல்வார். எங்கள் மாடியில் செடி கிடையாது. இவ்வளவு பக்கத்தில் வந்தும் அவளுக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

இப்போது அவளைத் தவிர எனக்கு ஆள் இல்லை. விரல் முதலில் இந்தியாவின் நாட்டு எண்ணைப் போட்டுத் தொடங்கியது. அதற்கு ஊர் மாறியது தெரியவில்லை. அழித்துவிட்டுத் திரும்ப அமுக்கினேன். மணி அடித்து அடித்து நின்றது.

"புது நம்பர எவ எடுப்பா? நானே எடுக்க மாட்டேன்" என்றார் அஞ்சலை. "இன்னொரு வாட்டி போடு."

இரண்டாவது தடவை எடுத்தாள். "லோன்லாம் ஒண்ணும் வேணாங்க" என்று வைத்துவிட்டாள்.

மூன்றாவது தடவை அவள் வாய் திறப்பதற்குள், "வசந்தா, நான் அண்ணி பேசறேன்" என்றேன்.

"எந்த அண்ணி?" என்றாள். அவளுக்கு இருக்கிறது ஒரே அண்ணி.

"உங்க அண்ணனக் காணோம். அவர் நம்பர் எனக்குத் தெரியல. மாத்திரை என்கிட்ட இருக்கு."

"எங்க இருக்கீங்க?"

"திருவண்ணாமலை."

"எப்ப வந்தீங்க?"

"நேத்து."

"சரி" என்றாள். அந்தச் சரியில் இருந்ததெல்லாம் எனக்குப் புரிந்தது. ஆனால் அவள் அதில் நிற்கவில்லை. "அண்ணி, நீங்க அங்கயே இருங்க. நான் வாட்ஸப்ல அண்ணாவக் கூப்புட்றேன். எங்கயும் நகராதீங்க. ஒரு அடி நகரக் கூடாது."

அஞ்சலை ஒரு டம்ளரில் கேழ்வரகுக் கூழ் ஊற்றி, மோர் மிளகாய் ஒன்றையும் கொடுத்தார். எதிரே நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு சாமியார் ஃபோனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு விக்கெட்டுக்கும் 'சிவா' என்றார். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது கூட்டமாகக் குனிந்து நின்றால் ஸ்டூலிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்பது போலவே இருந்தது, ஒன்றும் வரவில்லை.

பட்டன் ஃபோன் அடித்தது. வசந்தா.

"அண்ணாவப் புடிச்சுட்டேன். நல்லாதான் கீறாரு. ஆனா அண்ணி, நீங்க தொலையவே இல்லயாம். அவர் பக்கத்துலதான் வரீங்களாம்."

"என்னது?"

"ஃபோன்ல காட்டுதாம். நீங்க அவர் கூடயேதான் நடக்கறீங்களாம். கூட்டத்துல ரெண்டு அடி முன்னாடி போயிருப்பீங்களாம். என்னக் கொழப்பாதன்றாரு."

நாங்கள் மூவரும் எங்கே இருக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் தெரிகிற மாதிரி மகள் எங்கள் ஃபோன்களில் மேப் போட்டு வைத்திருந்தாள். இளநீர் குடிக்க நகர்ந்தவர் நான் எங்கே என்று அதில் பார்த்திருக்கிறார். நான் அவருக்கு மிக அருகே ஒரு பச்சைப் புள்ளியாக இருந்திருக்கிறேன். சரி, முன்னால் போய்விட்டாள் என்று நடந்திருக்கிறார். அவர் நடக்க நடக்கப் புள்ளியும் விடாமல் கூட நடந்திருக்கிறது. நான் அவ்வளவு அனுசரித்து நடந்ததே இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

"வசந்தா, அவர் பையில சைடு ஜிப்பத் திறந்து பாக்கச் சொல்லு" என்றேன்.

அவர் ஒரு ஆட்டோவில் திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஸ்டூலில் உட்காரவைத்து, மாத்திரை வேண்டுமா என்று கேட்டேன். நெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றேன். "பக்கத்துலதான் காட்டுச்சு" என்றார், குற்றம் சொல்கிற குரலில் இல்லை, உண்மையிலேயே புரியாதவராக. "நீ இல்லன்னு எனக்குத் தோணவே இல்ல. திரும்பிப் பாக்கணும்னுகூடத் தோணல."

திட்டுவதற்கு நான் எடுத்துவைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அதைக் கேட்டதும் கலைந்துபோயின. பையிலிருந்து என் ஃபோனை எடுத்தேன். மகளிடமிருந்து செய்தி வந்திருந்தது: "ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டே நடக்கறீங்க! காலையிலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன். அவ்ளோ அழகா இருக்கு." கீழே இரண்டு இதயங்கள்.

மீதிப் பாதையை மெதுவாக நடந்து முடித்தோம். அவர் இயர்போனைக் கழற்றிப் பையில் போட்டிருந்தார். ஃபோனைப் போடவில்லை.

அடுத்த நாள் நாங்கள் கேட்காமலே வசந்தா வேலூர் பஸ் ஏறி வந்துவிட்டாள். கையில் ஒரு அடுக்குக் கேரியர். தக்காளி சாதம், முள்ளுக் கத்தரிக்காய்க் கொத்சு. தலை நிறைய நரைத்திருந்தது. அவளுடைய வாட்ஸப் படத்தில் அப்படி இல்லை. அண்ணனைப் பார்த்து ஒரு பாட்டம் அழுதாள். என்னிடம், "இளைச்சுட்டீங்க" என்றாள்.

பெரிய கோயிலுக்குப் போனோம். இவர் தரிசன வரிசையில் நின்றார். நாங்கள் இருவரும் வெளிப் பிராகாரத்தில், மகிழ மரத்தின் பக்கமாக நிழல் பார்த்து உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கும் நடுவில் கேரியர் இருந்தது.

"உங்கம்மா போனப்ப, ஃபோன எடுத்துனு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன் அண்ணி" என்றாள் திடீரென்று. "என்னா பேசறது, எப்புடி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. முன்னெல்லாம் நேர்ல போவோம், கட்டிப் புடிச்சு அழுவோம், வார்த்தையே வாணாம். ஃபோன்ல அது முடியலயே. இரங்கல்னு அடிச்சேன், அதுவே வரிசையா படம் காட்டுச்சு. நல்லதா ஒண்ணு பாத்து அனுப்பிட்டேன். அனுப்பினதும் பேசிட்ட மாதிரியே இருந்துது."

அவள் கேரியரின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மா என்கிட்ட ஒண்ணு சொல்லிருக்காங்க. உங்க கல்யாணத்தன்னிக்கு, சாப்பாட்டுப் பந்தியாண்ட என்னத் தனியா இட்டுனு போய்ச் சொன்னாங்க. நான் அப்ப பாவாட தாவணி."

"என்ன சொன்னாங்க?"

வசந்தா என் அம்மாவின் திருநெல்வேலிப் பேச்சை அப்படியே பிடித்துச் சொன்னாள்: "'எம் பிள்ளைக்கு வழியே பிடிபடாது தாயி. நாலு தெரு தாண்டுனா முழிச்சிக்கிட்டு நிப்பா. வெளிய தெருவ போனா நீ கூடப் போ, என்ன? நாஞ் சொன்னேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிராத. ரோசப்படுவா.' அதான் இதுவரைக்கும் சொல்லல. நேத்து நீங்க ஃபோன்ல பேசனப்ப எனக்கு அதான் ஞாபகம் வந்துது."

வேலூரில் இருந்த அந்த முதல் வருஷங்கள் எனக்கு நினைவு வந்தன. நான் செருப்பைப் போட்டால் போதும், "அண்ணி, இருங்க, நானும் வரேன், ரிப்பன் வாங்கணும்" என்று கிளம்பிவிடுவாள். மார்க்கெட்டுக்கு, தபால் ஆபீசுக்கு, தையல்காரரிடம், எங்கே போனாலும். அந்த வீட்டில் ரிப்பனுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. என்னைக் கண்காணிக்க மாமியார் அனுப்புகிற ஆள் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஃபோன் வருவதற்கு முன்னால் நான் எந்த ஊரிலும் தனியாக வழி கண்டுபிடித்துப் போய்வந்தவள் என்று முந்தின நாள் ராத்திரிகூட இவரிடம் சண்டை போட்டிருந்தேன்.

அம்மாவின் கடைசி நாட்களை அவளிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நர்சின் பின்னல் சரியில்லை என்று பிடித்து உட்காரவைத்துத் திருப்பிப் பின்னிவிட்டதைச் சொன்னபோது இருவரும் சிரித்தோம். பிறகு வசந்தா முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நானும் அழுதேன். ஆந்திராக்காரர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இவர் தரிசனம் முடிந்து ராஜகோபுர வாசலில் நிற்பதாகச் செய்தி அனுப்பினார். வசந்தா கேரியரை எடுத்துக்கொண்டாள். நான் புடவையைத் தட்டிவிட்டு எழுந்து, இடது பக்கமாக நடக்கத் தொடங்கினேன். அவள் என் முழங்கையைப் பிடித்து, என்னை வலது பக்கம் திருப்பினாள்.